ஒரு கிலோ மணலில் பதினைந்து அணு

(திருப்பூரில் கல்லூரி வேதியியல் மன்றத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "ஏனுங்க வாத்தியாரே, அஸ்டடைன்னு போட்டிருக்குது, அதென்ன புதுச் சாயமுங்களா?" என்று கேட்டார். சாயம் இல்லை. அது என்ன நிறம் என்றுகூட உலகத்தில் யாருக்கும் தெரியாது. கண்ணால் காணும் அளவுக்கு அதை ஒருவரும் சேர்த்ததில்லை. அப்படியே சேர்த்தாலும் தன் கதிரியக்கச் சூட்டிலேயே அது ஆவியாகிவிடும். தனிம அட்டவணையில் 85ஆம் இடம் அதற்கு. அந்த இடத்துக்கும் நம் குமரி மாவட்டத்து மணலுக்கும், நாம் பின்னும் துணிக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் மேசை மேல் இருக்கும் இந்தப் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பாருங்கள். என் தகப்பனாருடையது. காதர்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் நான்கு நிட்டிங் மிஷின் போட்டுக் கூலிக்கு ஓட்டியவர் அவர். கரண்ட் போய்விட்டால் மிஷின் நிற்கும். நிற்கிற நேரத்தை வீணாக்காமல் இந்த விளக்கை ஏற்றி, சிலிண்டர் பக்கத்தில் தொங்கவிட்டு, நாக்கு உடைந்த ஊசிகளைத் தேடி மாற்றுவார். விளக்குப் பிடிப்பது என் வேலை. "ஆட்டாத பிடி கண்ணு, மேண்டில் உதுந்துரும்" என்பார்.

மேண்டில் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சின்ன டயாவில் பின்னிய குழாய்த் துணி, ஒரு முனையை இழுத்துக் கட்டியது, அவ்வளவுதான். வாங்கும்போது வெள்ளைச் சாக்ஸ் நுனிபோல மெத்தென்று இருக்கும். விளக்கில் கட்டித் தீ வைத்தால் நூல் கருகிப் போய்விடும். ஆனால் துணி போகாது. சுருங்கி, வெளுத்து, தொட்டால் பொடியாகும் சாம்பல் கூடாக நிற்கும். அந்தக் கூடுதான் பளீரென்று எரியும். நேற்று மாலை மொட்டை மாடியில் ஒன்றை எரித்து, விளக்கோடு மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தேன். அவிநாசி ரோட்டு வேகத்தடை ஒன்றில் கீழ்ப்பாதி உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருக்கிறது. பிக் கிளாஸ் வைத்துப் பார்த்தால் லூப் லூப்பாகத் தெரியும். நூல் இல்லை, லூப் மட்டும் இருக்கிறது. பின்னலைப் பற்றி எனக்கு யாரும் இதைவிட நல்ல பாடம் நடத்தியதில்லை.

நூல் எரிந்தபின் நிற்பது தோரியம் ஆக்சைடு. வியன்னாவைச் சேர்ந்த கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885இல் மேண்டிலைக் கண்டுபிடித்தார். முதலில் செய்தவை பச்சையாக எரிந்ததால் யாருக்கும் பிடிக்கவில்லை. 1891 வாக்கில் நூற்றுக்கு 99 பங்கு தோரியம், ஒரு பங்கு சீரியம் என்று கலவையை நிலைப்படுத்தினார். பருத்தி, ராமி, பிறகு ரேயான் என்று நூல் மாறியது. கலவை ஏறத்தாழ அப்படியே நின்றது. ஐரோப்பா முழுக்கத் தெருவிளக்குக்கு மேண்டில் தேவைப்பட, தோரியத்துக்குப் பெரிய அலைச்சல் ஏற்பட்டது.

அது கிடைத்த கதை நாரில் தொடங்குகிறது. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் கவனித்தார். சோதித்தால் தோரியம் உள்ள மோனசைட். எந்தக் கரை மணல் என்று தேடிக்கொண்டு இன்றைய குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை போட்டார். முதல் உலகப் போர் வந்ததும் தொழில் பிரிட்டிஷ்காரர் கைக்குப் போயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950இல் அமைந்த இந்திய அருமண் நிறுவனம் இன்றும் அங்கே மணல் பிரிக்கிறது. 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தபோது இந்த மணலும் சேர்ந்து வந்தது. சரக்கோடு ஒட்டிப்போன குப்பையைப் பார்த்து ஊரைக் கண்டுபிடித்த மனிதரை நினைத்தால் எனக்கு நம்மூர் மெர்ச்சண்டைசர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். துணியை முகர்ந்து பார்த்து எந்தச் சாயப்பட்டறை என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனிக் கொஞ்சம் பாடம். மாணவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தோரியம் நிலையானது அல்ல. பாதி சிதைய 1400 கோடி ஆண்டு எடுத்துக்கொள்ளும் என்பதால் நம் கண்ணுக்கு நிலையாகத் தெரிகிறது. அது ஒரேயடியாக ஈயமாகிவிடாது, படிப்படியாக இறங்கும். ஆல்ஃபா துகளை வீசினால் அணு எண் இரண்டு குறையும். பீட்டா வீசினால் ஒன்று கூடும். தோரியம் 90. அங்கிருந்து 88, 89, 90, மறுபடி 88, அப்புறம் 86. இந்த 86 ஒரு வாயு. தோரான் என்று பெயர், அரை ஆயுள் 55.6 நொடி. அரை ஆயுள் என்ற கருத்தே இந்த வாயுவில்தான் பிறந்தது. மான்ட்ரியலில் ரூதர்போர்டும் ஓவன்ஸும் தோரியத்தை அளந்துகொண்டிருந்தபோது அளவு ஒரு நிலையில் நிற்கவில்லை. அறைக் கதவைத் திறந்தால் குறைந்தது, மூடினால் ஏறியது. வாயு ஏதோ வெளியேறிக் காற்றில் அடித்துக்கொண்டு போகிறது என்று புரிந்தது. அது சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது என்று ரூதர்போர்டு 1900இல் எழுதினார்.

86க்கு அடுத்த படி எது? ஆல்ஃபா வீச்சு, ஆகவே 84. 85 விட்டுப் போய்விடுகிறது! ஊசி நாக்கு உடைந்தால் அந்த ஊசி நூலைப் பிடிக்காமல் துணியில் நீளவாக்கில் ஏணி இறங்குமே, அதுபோலத் தோரியப் பின்னலில் 85 என்ற லூப் விழுவதே இல்லை. இதை நினைவில் வையுங்கள். பேச்சின் முடிச்சு இதுதான்.

85 என்பது எந்த வீட்டுப் பிள்ளை? ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் என்ற உப்பீனிக் குடும்பத்தின் கடைக்குட்டி. இந்தக் குடும்பத்தைத் திருப்பூருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெளுப்புத் தொட்டியில் குளோரின் வாசத்தோடு வளர்ந்தவர்கள் நாம். சாயம் ஏறப் போட்ட உப்பு நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் எல்லாம் மூடப்பட்ட வரையிலான கதையும் தெரியும். அயோடின் பல்லடம், சோமனூர்ப் பக்கம் பழக்கம். விசைத்தறித் துணியில் கஞ்சி போயிற்றா என்று பார்க்க ஒரு சொட்டு விடுவார்கள், நீலம் தட்டினால் இன்னும் போகவில்லை. அந்த அயோடினுக்கு அடுத்த கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டங்களுக்கு மெண்டலீவ் சமஸ்கிருத எண்ணை முன்னால் போட்டுப் பெயர் வைத்தார். அந்த வழக்கப்படி 85க்கு ஏக-அயோடின் என்று பெயர். 1930களின் தொடக்கத்தில் யுரேனியம் வரையுள்ள அட்டவணையில் நான்கே நான்கு காலி இடங்கள்: 43, 61, 85, 87.

காலி இடம் இருந்தால் துண்டு போட ஆள் வருவது எந்த ஊரிலும் உண்டு. 1931இல் அமெரிக்காவின் அலபாமாவில் ஃபிரெட் அல்லிசன் 85ஐக் கண்டுபிடித்ததாகச் சொல்லி அலபாமைன் என்று பெயர் வைத்தார். அவருடைய கருவிமுறையே தவறு என்று பிறகு தெரிந்தும், பாடப்புத்தகங்களில் அந்தப் பெயர் சில காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. பாரிஸில் ஹுலுபேயும் இவெத் கோஷுவாவும் தேடினார்கள். சுவிட்சர்லாந்தில் வால்டர் மிண்டர் 1940இல் ஹெல்வேஷியம் என்றார்.

நடுவில், 1937இல், டாக்காவிலிருந்து ஒரு குரல். ராஜேந்திரலால் டே என்ற வேதியியலர். அவர் கையில் எடுத்த கனிமம் திருவிதாங்கூர் மோனசைட். அவர் வெளியிட்ட சிற்றேட்டின் தலைப்பிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. ரேடியம் வரிசையில் ரேடியம்-எஃப் என்று ஒன்று உண்டு, பொலோனியம்தான் அது. தோரியம் வரிசையில் அதற்கு இணையான ஒன்றைப் பிரித்துவிட்டதாகவும், அதுவே 85 என்றும் டே சொன்னார். டாகின் என்று பெயர் வைத்தார். டாக்கா என்ற ஊர்ப் பெயரும் ஏக-அயோடினும் கலந்த பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

டே சொன்னது தவறு. இதில் இழுபறி எதுவும் இல்லை. முதல் காரணத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டோம்: தோரிய வரிசையில் 85 கிடையாது. இரண்டாவது காரணம், டாகினுக்கு அவர் எழுதிவைத்த பண்புகள் அஸ்டடைனோடு பொருந்தவில்லை. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கையாளத்தக்க அளவில் அது தன்னிடம் இருந்ததாக அவர் சொன்னார். அஸ்டடைனை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. அதன் ஐசோடோப்களில் நீண்ட ஆயுளுடையதற்கே அரை ஆயுள் 8.1 மணி நேரம். காலை எட்டரைக்கு ஷிஃப்ட் தொடங்கும்போது வைத்தது, ஷிஃப்ட் முடிவதற்குள் பாதி. மற்றப் பாதி சூட்டையும் கதிரையும் வீசிவிட்டு வேறு தனிமமாக மாறியிருக்கும். அவர் கையில் இருந்தது வேறு ஏதோ. என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ரோலிலிருந்து வட்டமாகத் துணி வெட்டித் தராசில் போட்டு ஜிஎஸ்எம் பார்க்கும் ஊர் இது. தராசு சொன்னால் பையரும் ஒத்துக்கொள்வான். டேயும் தராசை நம்பும் தலைமுறை. கியூரி அம்மையார் டன் கணக்கில் தாதுவைக் கரைத்து ஒரு சிட்டிகை ரேடியம் எடுத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள், இன்னும் கொஞ்சம் கரைத்தால் அடுத்ததும் கிடைக்கும் என்று நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் மிச்சமிருந்த நான்கு இடங்கள் தராசுக்குக் கட்டுப்படாதவை. அதே 1937இல் இத்தாலியின் பலேர்மோவில் பெரியேவும் செக்ரேயும் 43ஐப் பிடித்தார்கள். அமெரிக்காவில் துகள்கள் மோதிய ஒரு மாலிப்டினத் தகட்டைத் தபாலில் வாங்கி, அதிலிருந்து. 87ஐ 1939இல் மார்கெரித் பெரே பாரிஸில் கண்டார். அதன் அரை ஆயுள் 22 நிமிடம். எடைக்கு அங்கே வேலை இல்லை. எத்தனை முறை 'டிக்' என்று கருவி சொல்கிறது, அந்த 'டிக்' எவ்வளவு நேரத்தில் பாதியாகிறது என்பதுதான் கணக்கு.

டேயைப் பற்றிப் பேசும்போது இரண்டு விதமான ஆட்களைச் சந்திக்கிறேன். ஒருவர் சிரிப்பார். மற்றவர் நெஞ்சை நிமிர்த்தி, இந்தியர் என்பதால் வெள்ளைக்காரன் மறைத்துவிட்டான் என்பார். இருவரோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. அல்லிசனை வெள்ளைக்காரர்களே தூக்கி எறிந்தார்கள். டேக்கு மட்டும் தனித் தராசு யாரும் வைக்கவில்லை. அதே சமயம், பெரிய கருவிகள் இல்லாத நாட்டில், உலகத்தின் கடைசிக் காலியிடங்களில் ஒன்றை நம் கடற்கரை மணலில் தேடலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அது சிரிக்கிற விஷயமா? தேடிய இடம் தப்பில்லை என்பதைக் கொஞ்ச நேரத்தில் காட்டுகிறேன்.

85ஐப் பிடித்தவர்கள் தேடவே இல்லை, செய்தார்கள். பிஸ்மத்துக்கு அணு எண் 83, ஆல்ஃபா துகளுக்கு 2. கூட்டினால் 85. 1940இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் கார்சன், மெக்கன்சி, பலேர்மோவிலிருந்து அங்கே போய்விட்ட அதே செக்ரே, மூவரும் 60 அங்குல சைக்ளோட்ரானில் பிஸ்மத் மேல் ஆல்ஃபா துகள்களைச் செலுத்தினார்கள். வந்தது நிறை எண் 211 உடைய ஐசோடோப், அரை ஆயுள் 7.2 மணி. பார்க்க முடியாத பொருளை அயோடினின் தங்கை என்று எப்படி நிரூபிப்பது? ஒரு கினிப் பன்றிக்குக் கொடுத்தார்கள். அயோடினைப் போலவே அது தைராய்டில் போய்ச் சேர்ந்தது. அந்தப் பிராணியின் கழுத்துச் சுரப்பிக்கு இருந்த மூக்கு அன்று எந்தத் தராசுக்கும் இல்லை. 1947இல் மூவரும் பெயர் வைத்தார்கள்; நிலையற்றது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அஸ்டடைன்.

இடையில் 1943இல், மேண்டில் பிறந்த அதே வியன்னாவில், பெர்டா கார்லிக், டிராடே பெர்னெர்ட் என்ற இரு பெண்கள் அஸ்டடைன் இயற்கையிலும் இருப்பதைக் காட்டினார்கள். யுரேனிய வரிசையில் 84ஆம் படியில் நிற்கும் பொலோனியம்-218 வழக்கமாக ஆல்ஃபாவை வீசிக் கீழே போய்விடும். பத்தாயிரத்தில் இரண்டு அணு மட்டும் தடம் மாறிப் பீட்டாவை வீசும். எண் ஒன்று கூடி 85 ஆகும். அந்த அஸ்டடைன்-218 ஒன்றரை நொடிக்குள் பாதி போய்விடும்.

இப்போது மணவாளக்குறிச்சி மணலுக்குத் திரும்புவோம். மோனசைட்டில் தோரியம் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு என்பதால் எல்லோரும் தோரியத்தையே பேசுவார்கள். ஆனால் அதில் யுரேனியமும் உண்டு, ஏறத்தாழ ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு கிலோ மோனசைட்டுக்கு மூன்று கிராம் யுரேனியம் என்று வையுங்கள். ஒரு கிராம் யுரேனியம்-238இல் நொடிக்குச் சுமார் 12,400 அணு சிதைகிறது. மூன்று கிராமில் சுமார் 37,000. மணலைத் தொடாமல் வைத்திருந்தால் வரிசையின் ஒவ்வொரு படியிலும் அதே எண்ணிக்கை நடக்கும். அதில் பத்தாயிரத்துக்கு இரண்டு என்றால் நொடிக்கு ஏழு அஸ்டடைன் பிறக்கிறது. ஒவ்வொன்றும் சராசரி இரண்டு நொடி இருக்கிறது. ஆக, எந்த நொடியில் எட்டிப் பார்த்தாலும் ஒரு கிலோ மணலுக்குள் பதினான்கு, பதினைந்து அணு.

இதை ஒரு ராத்திரி பழைய பில் புக்கின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். சரிதானா என்று மூன்று தடவை கூட்டினேன். டே கையில் எடுத்த மணலில் 85 இருந்திருக்கிறது! அவர் பார்த்துக்கொண்டிருந்த தோரியக் கிளையில் இல்லை, பக்கத்துக் கிளையில். மில்லிகிராம் அல்ல, பதினைந்து. புவி ஓடு முழுவதையும் கூட்டினால்கூட ஒரு கிராம் தேறாது என்று சில நூல்களும், முப்பது கிராமுக்குள் என்று சில நூல்களும் சொல்கின்றன. பத்து லட்சத்தில் ஒரு பங்கு கிராம்கூட ஒரே சமயத்தில் யாரும் செய்து வைத்திருந்ததில்லை.

இவ்வளவு அற்பாயுசான பொருளால் என்ன பயன் என்று முன்வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பயன் அந்த அற்பாயுசில்தான் இருக்கிறது. அஸ்டடைன்-211 வீசும் ஆல்ஃபா துகள் உடல் திசுவில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது. நம் கணக்கில் சொன்னால், ஒரு முப்பதாம் நம்பர் நூலைக் குறுக்கே தாண்டாது, பாதியிலேயே நின்றுவிடும். அந்தச் சின்னத் தூரத்தில் தன் முழுச் சக்தியையும் கொட்டும். புற்றணுவைத் தேடிப் போய் ஒட்டும் ஒரு மூலக்கூறில் இதைக் கட்டி அனுப்பினால், அந்தப் புற்றணுவும் அக்கம்பக்கத்து நாலைந்தும் சாகும், அடுத்த தெரு தப்பும். மறுநாள் பத்தில் ஒன்றுதான் உடம்பில் மிச்சம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மூளைக் கட்டிக்குச் சோதித்திருக்கிறார்கள். ஜப்பானின் ஒசாகாவில் தைராய்டுப் புற்றுக்குச் சோதிக்கிறார்கள். கினிப் பன்றி காட்டிய வழிதான்.

தடை எல்லாம் சரக்குப் போக்குவரத்தில்தான். ஆல்ஃபா துகளைப் போதிய வேகத்தில் செலுத்தும் சைக்ளோட்ரான்கள் உலகில் சிலவே. அப்படிச் செலுத்தவல்ல ஒன்று 1977 முதல் கொல்கத்தாவில் இருக்கிறது. டே இருந்த டாக்காவிலிருந்து தென்மேற்கே, முந்நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தூரம். அங்கே காலை எட்டரைக்குச் செய்து முடித்து, பிரித்து, டப்பாவில் அடைத்து, விமானம் ஏற்றிக் கோவையில் இறக்கி, சூலூர் தாண்டி இங்கே கொண்டுவருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாலை நாலு மணி டீக்கு முன்னாலேயே பாதி போயிருக்கும். டாக்டர் கைக்கு வரும்போது இரவாகியிருந்தால் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல். ஷிப்மென்ட் தவறிவிட்டது என்று சொந்தக் காசில் ஏர் அனுப்பி, லாபம் முழுவதையும் தொலைத்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இந்தக் கணக்கு என்னைவிட நன்றாகப் புரியும். வித்தியாசம், இங்கே பார்சலைப் பிரித்தால் துணியே குறைந்திருக்கும். ஆகவே ஊருக்கு ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். இயந்திரம் இருக்கும் ஊரிலோ, சில மணி நேரத் தூரத்திலோ நோயாளி இருக்க வேண்டும்.

நேரமாகிவிட்டது. விளக்குப் பக்கத்தில் எரிக்காத பழைய மேண்டில் ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. இப்போது வருபவை பலவற்றில் தோரியத்துக்குப் பதில் இட்ரியம். இது அந்தக் காலத்துத் தோரியச் சரக்கு. உறையைப் பிரிக்காமல் பிக் கிளாஸ் வைத்து, ஒரு அங்குலத்துக்கு எத்தனை லூப் என்று நிட்டிங் மாஸ்டர்கள் யாராவது எண்ணிச் சொல்லுங்கள். என் கண்ணுக்கு இப்போது எட்டவில்லை. அப்பா இருந்தால் தடவிப் பார்த்தே சொல்லியிருப்பார். எண்ணி முடித்ததும் கையைக் கழுவிவிட்டு டீக்குப் போங்கள்.